டீச்சரிடம் கேளுங்கள்: தகேயோ, சுனா, யாமாத்தோ

கோடை விடுமுறைக்கு நாகர்கோவிலுக்கு வந்திருந்த என் அக்காவின் பேத்தி, வாசித்துப் பாருங்கள் என்று ஒரு ஜப்பானியச் சித்திரக்கதையை என் கையில் தந்துவிட்டுப் போனாள். அதைப் பற்றிச் சென்ற இதழில் நான் எழுதிய சில வரிகளுக்கு, தக்கலை, குளச்சல், மார்த்தாண்டம், குலசேகரம், பூதப்பாண்டி என்று மாவட்டத்தின் பல பக்கங்களிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஆகவே இம்முறை பக்கங்கள் முழுவதையும் அந்தக் கதைக்கே ஒதுக்கிவிட்டேன்.

சென்ற இதழைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். பெயர் ‘ஓரே மோனோகதாரி’. ‘என் கதை’ என்று பொருள். எழுதியவர் கவாஹாரா கசுனே, படம் வரைந்தவர் அருகோ. 2011-இல் தொடங்கி 2016-இல் நிறைவடைந்த இக்கதை 13 தொகுதிகளாக வெளிவந்திருக்கிறது. 2013-இல் கோதன்ஷா மாங்கா விருதும் பெற்றது (ஜப்பானியச் சித்திரக்கதையை ‘மாங்கா’ என்பார்கள்). நாயகன் தகேயோ, உயர்நிலைப் பள்ளியின் முதலாம் ஆண்டு மாணவன். ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரமும் 120 கிலோ எடையும் முரட்டு முகமும் உள்ளவன். பக்கத்து வீட்டில் வசிக்கும் சுனகாவா, சுருக்கமாகச் சுனா, சிறு வயதிலிருந்தே அவனுடைய நண்பன், அழகன், அதிகம் பேசாதவன். தகேயோ இதுவரை விரும்பிய பெண்கள் அத்தனை பேரும் சுனாவைத்தான் விரும்பினார்கள். ஒரு நாள் ரயிலில் ரின்கோ யாமாத்தோ என்ற வேறொரு பள்ளி மாணவியிடம் ஒருவன் தகாத முறையில் நடந்துகொள்ள, தகேயோ அவனைத் தடுத்துப் பிடிக்கிறான். நன்றி சொல்வதற்காகத் தன் கையால் செய்த இனிப்புகளோடு தேடி வரும் யாமாத்தோவை அவனுக்குப் பிடித்துப்போகிறது. ஆனால் அவளும் சுனாவைப் பார்க்கத்தான் வருகிறாள் என்று தானாகவே முடிவு செய்துகொண்டு, அவர்கள் இருவரையும் சேர்த்துவைக்கப் பாடுபடுகிறான். அவள் விரும்புவது தகேயோவை என்பது வாசிக்கும் நமக்குத் தெரியும், சுனாவுக்கும் தெரியும், தகேயோவுக்கு மட்டும் தெரியாது. கதையின் சிரிப்பெல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

டீச்சர், என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் காதலைச் சொல்லும் இத்தகைய ஜப்பானியக் காமிக்ஸைச் செல்பேசியில் இரவு வெகுநேரம் வாசித்துக்கொண்டிருக்கிறான். வாசிக்கவே கூடாது என்று சொல்லிவிடலாமா?
— ஒரு தாய், தக்கலை

இரவு வெகுநேரம் விழித்திருக்கக் கூடாது என்று சொல்லுங்கள். அதில் உங்களோடு நான் முழுவதும் உடன்படுகிறேன். வாசிக்கவே கூடாது என்று சொல்வதற்கு முன் ஒரு தொகுதியையாவது நீங்கள் வாசித்துப் பாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

ஜப்பானில் இந்தக் கதைகள் முதலில் மாத, வார இதழ்களில் தொடராக வருகின்றன. ஒவ்வோர் இதழுக்கும் வாசகர் வயது உண்டு. சிறுவர்களுக்கு, சிறுமியருக்கு, வயதுவந்த ஆண்களுக்கு, பெண்களுக்கு என்று தனித்தனியே இதழ்கள் இருக்கின்றன. எல்லாம் ஒரே வகைப் படமாகத் தோன்றுவதால், வளர்ந்தவர்களுக்கு எழுதப்பட்டதைப் பிள்ளைகள் வாசித்துவிடும் ஆபத்து நம் ஊரில் இருப்பது உண்மை. அதனால் உங்கள் மகன் எதை வாசிக்கிறான் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ‘ஓரே மோனோகதாரி’ பள்ளி மாணவியருக்கான ‘பெஸ்ஸாட்சு மார்கரெட்’ என்ற மாத இதழின் குடும்பத்தில் வந்த கதை. இதில் வரும் மாணவர்களின் வயது நம் பத்தாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரையுள்ள பிள்ளைகளின் வயது. அங்கே உயர்நிலைப் பள்ளி மூன்றே ஆண்டுகள்தான்.

சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸை ஒளித்து வைத்து வாசித்த தலைமுறை நம்முடையது. அப்போது நம்மிடம் யாராவது அந்தக் கதையில் உனக்கு யாரைப் பிடிக்கும் என்று கேட்டிருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்போம்! உங்கள் மகனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், சகோதரி. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பக்கங்களை வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும். நான் முதல் பத்துப் பக்கங்களைத் தலைகீழ் வரிசையில் வாசித்துவிட்டுக் குழம்பியிருந்தபோது என் பேத்திதான் திருத்தினாள்.

சுனாவிடம் எத்தனையோ பெண்கள் வந்து காதலைச் சொல்கிறார்கள். அவன் எல்லாரையும் மறுத்துவிடுகிறான். அந்தப் பெண்கள் தகேயோவைக் கேலியாகப் பேசுகிறவர்கள் என்பதே காரணம். ஆனால் இதை அவன் தகேயோவிடம் ஆண்டுக்கணக்காகச் சொல்லவே இல்லை. உயிர் நண்பனிடம் இவ்வளவு பெரிய விஷயத்தை மறைப்பது எப்படி நம்பிக்கை ஆகும்?
— கல்லூரி மாணவி, மார்த்தாண்டம்

மகளே, வந்த கடிதங்களில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது உன்னுடைய கடிதம்.

சுனா அதைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று முதலில் நினைத்துப் பார். ‘உனக்குப் பிடித்த பெண்கள் உன் முதுகுக்குப் பின்னால் உன்னைப் பற்றி இப்படியெல்லாம் பேசினார்கள்’ என்று சொன்னால்தான் ‘அதனால்தான் அவர்களை மறுத்தேன்’ என்று சொல்ல முடியும். முதல் பாதியைச் சொல்லாமல் இரண்டாம் பாதியைச் சொல்வதற்கு வழியே இல்லை. தகேயோ தன்னை விரும்பாத பெண்களைப் பற்றிக்கூட நல்லதையே நினைக்கிறவன். அந்த நினைப்பைக் கெடுக்காமல் காப்பதற்காகச் சுனா, மனமில்லாதவன் என்று ஊரார் பேசும் பேச்சைத் தானே ஏற்றுக்கொள்கிறான். அவன் மறைத்தது பிறருடைய கொடுஞ்சொல்லை. அதை நண்பனின் காதுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காமலிருப்பது துரோகம் ஆகாது என்றே நான் கருதுகிறேன். நம் ஊரில் ‘உன் நன்மைக்காகச் சொல்கிறேன்’ என்று தொடங்கி, யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்பதை ஒன்றுவிடாமல் வந்து ஒப்பிக்கிறவர்களால் எத்தனை வீடுகளில் பேச்சுவார்த்தை நின்றுபோயிருக்கிறது என்பதை நீயும் கண்டிருப்பாய்.

இந்த இடத்தை வாசிக்கும்போது எனக்கு ஜப்பானியக் குழந்தைகள் எல்லாரும் அறிந்த ஒரு பழைய கதை நினைவுக்கு வந்தது. ஹமாதா ஹிரோசுகே 1933-இல் எழுதிய ‘அழுத சிவப்பு அரக்கன்’ என்ற கதை அது. மனிதர்களோடு நட்பாயிருக்க ஆசைப்படும் ஒரு சிவப்பு அரக்கனைக் கண்டு ஊரார் அஞ்சி ஓடுகிறார்கள். அவனுடைய நண்பனான நீல அரக்கன் ஒரு வழி சொல்கிறான்: ‘நான் ஊருக்குள் போய் அட்டகாசம் செய்கிறேன், நீ வந்து என்னை அடித்து விரட்டு, ஊரார் உன்னை நம்புவார்கள்.’ அப்படியே நடக்கிறது, ஊராரும் சிவப்பு அரக்கனோடு சேர்ந்துவிடுகிறார்கள். சில நாள் கழித்து அவன் நண்பனைத் தேடிப் போனால், வீடு பூட்டிக் கிடக்கிறது. கதவில் ஒரு கடிதம்: நாம் சேர்ந்திருப்பதைப் பார்த்தால் ஊராருக்குச் சந்தேகம் வரும், ஆகவே நான் தொலைதூரம் போகிறேன், என்றும் நான் உன் நண்பன். சிவப்பு அரக்கன் அதைப் படித்துப் படித்து அழுகிறான்.

நீல அரக்கனின் தியாகத்தைப் பெரிதாகப் பேசுவார்கள். எனக்கோ சிறு வயதில் கேட்டிருந்தால் அந்த நீல அரக்கன்மேல் கோபம்தான் வந்திருக்கும் என்று தோன்றுகிறது. போவதற்கு முன் ஒரு சொல் கேட்டிருக்கக் கூடாதா? நண்பன் வேண்டுமா, ஊர் வேண்டுமா என்று தெரிந்தெடுக்கும் உரிமையை அவன் சிவப்பு அரக்கனுக்குத் தரவேயில்லை. சுனாவிடமும் இந்த நீல அரக்கனின் சாயல் இருக்கிறது. மற்றவர்களின் கேலியை மறைத்ததில் நான் அவன் பக்கம். ஆனால் அதே சுனா பின்னால் தன்னுடைய துன்பத்தையும் மறைக்கிறான். அங்கே நான் அவன் பக்கம் இல்லை. அதைக் குளச்சல் தம்பிக்கு எழுதியிருக்கும் பதிலில் பார்.

நானும் என் நண்பனும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகவே திரிந்தவர்கள். இப்போது அவனுக்கு ஒரு காதலி அமைந்துவிட்டாள். மாலையில் கடற்கரையில் நான் தனியாக இருக்கிறேன். சித்திரக்கதையில் மூன்று பேரும் ஒன்றாகச் சுற்றுகிறார்கள். இது நடக்கிற காரியமா, டீச்சர்?
— இளைஞன், குளச்சல்

தம்பி, உன் மனத்தாங்கல் நியாயமானது. காதல் வந்தவுடன் நட்பைப் பழைய சட்டையைப்போலக் கழற்றி மாட்டிவிடுகிறவர்கள் உண்டு. அவர்களை நான் பாராட்ட மாட்டேன்.

இந்தக் கதையில் ஒரு பகுதி வருகிறது. தகேயோவின் பிறந்த நாள். காதலி அமைந்த பிறகு வரும் அந்த நாளுக்காக யாமாத்தோ பல ஏற்பாடுகளைச் செய்திருக்கிறாள். அதே நாளில் சுனாவின் தந்தைக்கு இதய அறுவைச் சிகிச்சை. நண்பனின் மகிழ்ச்சி கெட்டுவிடக் கூடாது என்று சுனா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. விஷயம் தெரிந்தவுடன் தகேயோ மருத்துவமனைக்குப் போய் அவன் பக்கத்தில் இருக்கிறான். யாமாத்தோ அதை மனத்தாங்கலாக எடுத்துக்கொள்வதில்லை. அவள் விரும்பியதே இப்படிப்பட்ட ஒருவனைத்தானே?

நகைச்சுவைக் கதைக்குள் இப்படி ஒரு பகுதி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதற்கு மேல் அன்றைக்கு வாசிக்க முடியாமல் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நான் நாகர்கோவிலில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரே பேருந்தில், ஒரே இருக்கையில் மூன்றாண்டுகள் என்னோடு வந்த தோழி ஒருத்தி இருந்தாள். தேர்வு நேரத்தில் அவளுடைய தந்தையை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். என் படிப்பு கெடும் என்று அவள் என்னிடம் சொல்லவில்லை. தலைவலி என்று சொல்லி ஒரு வாரம் தனியாகவே அழுதிருக்கிறாள். மரணச் செய்தி எனக்கு மூன்றாம் ஆள் மூலமாகத்தான் வந்தது. அவள் நல்லெண்ணத்தோடுதான் மறைத்தாள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அவளோடு அந்த வராந்தாவில் உட்கார்ந்திருக்க வேண்டிய ஒரு வாரத்தை நான் இழந்துவிட்டேன் என்ற குறை இன்றுவரை போகவில்லை. துன்பத்தைச் சொல்லாமலிருப்பது மற்றவர்மேல் உள்ள அன்பினால் என்று சொல்கிறோம். சொன்னால் அவர் என்ன செய்வார் என்பதை அவருக்காக நாமே முடிவு செய்துவிடுகிறோமே, அதை என்னவென்று சொல்வது?

இனி உன் கேள்விக்கு வருகிறேன். மூன்று பேரும் ஒன்றாகச் சுற்றுவது நடக்கும், ஆனால் எப்போதும் நடக்காது. கதையிலும் தகேயோவும் யாமாத்தோவும் தனியாகச் செல்லும் நாட்கள் உண்டு. சுனா மட்டும் எந்த வருத்தமும் இல்லாதவனாக, இருவருக்கும் இடையில் எழும் குழப்பங்களையெல்லாம் தீர்த்து வைத்துக்கொண்டே இருப்பது சற்று மிகையாகப்படுகிறது. அவனுக்கென்று ஒரு மாலை நேரம் இருக்காதா, அந்த நேரத்தில் அவனுக்கு என்ன தோன்றும் என்பதை ஆசிரியர் இன்னும் கொஞ்சம் முன்னதாகவே சொல்லியிருக்கலாம். பின்தொகுதிகளில், சிறு வயதிலிருந்தே சுனாவை ஒருதலையாக விரும்பிவந்த யுக்கிக்கா அமாமி என்ற மாணவி வரும்போதுதான் அவன் பக்கம் சற்று வெளிச்சம் விழுகிறது.

நீ சுனாவைப்போல வாயை மூடிக்கொண்டிராதே. ‘வாரத்தில் ஒரு மாலை எனக்கு வேண்டும்’ என்று உன் நண்பனிடம் நேராகக் கேள். கேட்டபின் அவன் வரவில்லை என்றால் மறுபடியும் எனக்கு எழுது.

ஒருவரையொருவர் விரும்புவது ஊருக்கே தெரிந்த பிறகும், நேரில் நின்று, குனிந்து, காதலைச் சொல்வதை ஜப்பானியர்கள் ஏன் இவ்வளவு பெரிய சடங்காகச் செய்கிறார்கள்? பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்குக்கூட ஏன் இவ்வளவு தயக்கம்?
— வாசகர், பூதப்பாண்டி

அதற்குக் ‘கொகுஹாகு’ என்று பெயர். ‘உங்களைப் பிடித்திருக்கிறது, என்னோடு பழகுங்கள்’ என்று வாய்விட்டுச் சொல்லி, மற்றவர் சரி என்று சொன்ன பிறகுதான் இருவரும் இணையாகக் கருதப்படுகிறார்கள். பிப்ரவரி 14 அன்று பெண்கள் சாக்லேட் தருவதும் மார்ச் 14 அன்று ஆண்கள் பதிலுக்குத் தருவதும் இதனோடு சேர்ந்த வழக்கங்கள். எனக்கு இந்த முறையில் பிடித்தது ஒன்று உண்டு: ஊகத்துக்கு இங்கே மதிப்பில்லை. அவள் சிரித்தாள், திரும்பிப் பார்த்தாள், ஆகவே அவளுக்கு விருப்பம்தான் என்று ஒருவன் தானே முடிவுகட்டிக்கொள்ள முடியாது. கேட்க வேண்டும், அவள் பதில் சொல்ல வேண்டும், அந்தப் பதிலை ஏற்றுக்கொள்ள வேண்டும். நம் திரைப்படங்களில் மறுத்த பெண்ணைத் துரத்தித் துரத்தி மனம் மாற்றுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது நல்ல மருந்து.

பெயரைப் பொறுத்தவரை, அங்கே பழகத் தொடங்கியவர்கள் குடும்பப் பெயரோடு ‘சான்’, ‘குன்’ என்று ஓர் ஒட்டுச் சேர்த்துத்தான் அழைப்பார்கள். அதை விட்டுவிட்டுச் சொந்தப் பெயரைச் சொல்வது ஒரு படி நெருங்கிவருவது. அவள் காதலியான பிறகும் தகேயோ அவளை ‘யாமாத்தோ’ என்றே அழைக்கிறான். அது அவளுடைய குடும்பப் பெயர். ‘நான்’ என்பதற்கும் அவர்களுக்குப் பல சொற்கள் உண்டு. தலைப்பிலுள்ள ‘ஓரே’ என்பது ஆண்கள் நண்பர்களிடையே சொல்லும் சற்று முரட்டுத்தனமான ‘நான்’. மாணவியருக்கான இதழில் வரும் காதல் கதைகள் பெரும்பாலும் பெண்ணின் பார்வையில் சொல்லப்படும். இங்கே ஒரு முரட்டுப் பையனின் ‘நான்’ தலைப்பிலேயே வந்து நிற்கிறது. நம் மாவட்டத்தில் ஒரே ஒரு பிள்ளையைப் பார்த்து ‘மக்களே’ என்று பன்மையில் கூப்பிடுகிறோமே, அதன் அருமையை வெளியூர்க்காரருக்கு எப்படி விளக்குவோம்? அதுபோலத்தான் இதுவும்.

கதையின் தொடக்கத்தில் ரயிலில் நடப்பது எனக்குப் பேருந்தில் நடந்திருக்கிறது. என்னைக் காப்பாற்றத் தகேயோ யாரும் வரவில்லை. அதை வாசித்தபோது எனக்கு மகிழ்ச்சி வரவில்லை, அழுகைதான் வந்தது. இதை எப்படி நகைச்சுவைக் கதை என்று சொல்கிறீர்கள்?
— மாணவி, குலசேகரம்

மகளே, முதலில் இதை எழுதியதற்காக உன்னைக் கட்டியணைத்துக்கொள்கிறேன். நடந்ததில் உன் தவறு எள்ளளவும் இல்லை. நீ நின்ற இடம், உடுத்திய உடை, கத்தாமல் உறைந்துபோனது, இவற்றில் எதுவும் காரணமில்லை. பயத்தில் உடல் உறைந்துபோவது யாருக்கும் நேரக்கூடியது.

அந்தக் காட்சியை அவர்கள் சிரிப்புக்காக வைக்கவில்லை. ஜப்பானிய நகரங்களின் நெரிசல் ரயில்களில் இது பெரிய கொடுமை. நிலையங்களில் ‘இது குற்றம்’ என்ற சுவரொட்டிகளை ஒட்டுமளவுக்கும், 2000-களின் தொடக்கத்திலிருந்து காலை நெரிசல் நேரத்தில் பெண்களுக்கென்று தனிப் பெட்டிகள் விடுமளவுக்கும் அது அங்கே பொதுப் பிரச்சினையாக இருக்கிறது. அந்தக் காட்சியில் நான் கவனித்தது, தகேயோ காப்பாற்றியதற்குக் கூலியாக அவளிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை என்பதைத்தான். அவள் வேறொருவனை விரும்புகிறாள் என்று நினைத்தபோதும் அவன் முகம் சுளிக்கவில்லை. காப்பாற்றினேன், ஆகவே நீ எனக்குச் சொந்தம் என்று நினைக்காதவனாக இருப்பதால்தான் அவனை நம்ப முடிகிறது.

ஆனால் நீ எழுதியதுபோல எல்லாப் பேருந்திலும் தகேயோ இருக்க மாட்டான். நடந்ததை வீட்டில் நீ நம்பும் ஒருவரிடம், அம்மாவோ சித்தியோ அக்காவோ யாராக இருந்தாலும், இன்றே சொல். வீட்டில் சொல்ல முடியாது என்றால் பள்ளியில் உன்னை அறிந்த ஆசிரியை ஒருவரிடம் சொல். பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இரண்டிலும் கட்டணம் கிடையாது. மறுபடியும் நடந்தால் நடத்துநரைச் சத்தமாகக் கூப்பிடு. பேருந்து நின்றாலும் பரவாயில்லை. இதை வாசிக்கும் மற்ற பயணிகளுக்கு ஒரு வார்த்தை: பேருந்தில் ஒரு பிள்ளை நெளிந்துகொண்டு இடம் மாறினால், எழுந்துபோய் அவள் பக்கத்தில் நில்லுங்கள். அதற்கு இரண்டு மீட்டர் உயரம் தேவையில்லை.

தகேயோவின் உருவத்தை வைத்துச் சிரிக்க வைப்பது சரியா?
— ஆசிரியர், நாகர்கோவில்

எல்லா இடத்திலும் சரியில்லை. அவனுடைய முகத்தையும் உடம்பையும் மிகைப்படுத்தி வரைந்து சிரிக்க வைக்கும் கட்டங்கள் தொடக்கத்தில் அதிகம். சில எனக்குச் சங்கடமாக இருந்தன. இரண்டு தொகுதிகள் தாண்டும்போது சிரிப்பின் இடம் மாறுகிறது. அவன் உருவத்தைப் பார்த்துச் சிரித்த நாம், பிறகு அவனுடைய அப்பட்டமான நேர்மையைப் பார்த்துச் சிரிக்கிறோம். எளிதில் சிரிக்காத சுனாகூட அவன் செய்யும் காரியங்களைப் பார்த்து அடக்க முடியாமல் சிரித்துவிடுகிறான்; அதில் கேலி இல்லை.

தகேயோவிடம் நான் கண்ட பெரிய குறை வேறு. அவன் உலகத்தில் எல்லாரையும் நம்புகிறான். தன்னை ஒருத்தி விரும்பக்கூடும் என்பதை மட்டும் நம்ப முடியவில்லை. இனிப்புக் கடையில் வேலை செய்யும் இச்சினோசே என்பவன் யாமாத்தோவை விரும்பத் தொடங்கும்போதும், தான் அவளுக்குப் பொருத்தமானவனா என்று தகேயோவின் மனம் குழம்பத்தான் செய்கிறது. கறுப்பு, குண்டு, குள்ளம் என்று பத்து வயதிலிருந்து கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இந்தக் குழப்பம் நன்றாகப் புரியும். வகுப்பில் பட்டப்பெயர் வைப்பதைச் சும்மா விளையாட்டு என்று விட்டுவிடும் நாம், அது ஒரு பிள்ளையை எத்தனை ஆண்டுகள் பின்தொடரும் என்று நினைப்பதில்லை. நானும் வகுப்பறையில் அப்படி விட்டுவிட்டதுண்டு, இப்போது வருந்துகிறேன்.

இதை முடித்துவிட்டேன். அடுத்து எதை வாசிக்கலாம்?
— வாசகி, கருங்கல்

ஷீனா கருஹோவின் ‘கிமி நி தொடோகே’. 2005 முதல் 2017 வரை அதே இதழில் வந்தது, 30 தொகுதிகள். பேய்ப் படத்தில் வரும் சதாக்கோவின் பெயரால் வகுப்பே அழைக்கும் சவாக்கோ என்ற மாணவியின் கதை. இவள் தோழியரைப் பற்றி அவதூறு பரப்பினாள் என்ற வதந்தி எழும் பகுதியைக் கவனித்து வாசியுங்கள். தன்னால் தோழியருக்குக் கெடுதல் என்று அவள் விலகிப் போகிறாள். அவள் விலகுவதைப் பார்த்துத் தோழியர் குழம்புகிறார்கள். நேரில் கேட்டுவிட்டால் ஐந்து நிமிடத்தில் தீரக்கூடியது எத்தனை அத்தியாயங்கள் நீள்கிறது என்று நமக்கே பதைக்கும்.

டீச்சர், என் கணவர் மஸ்கட்டில் வேலை செய்கிறார். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான் வருகிறார். கதையின் கடைசியில் அந்தப் பெண் ஸ்பெயினுக்குப் போய்விடுகிறாள் என்று என் மகள் சொன்னாள். பிறகு அவர்களுடைய நம்பிக்கை என்ன ஆகிறது? நான் இங்குள்ள கஷ்டங்கள் எதையும் அவரிடம் சொல்வதில்லை. அங்கே வெயிலில் நிற்கிறவரை இங்கேயிருந்தும் வருத்துவானேன் என்று நினைக்கிறேன்.
— ஒரு மனைவி, திருவட்டாறு

ஆமாம், யாமாத்தோவின் தந்தைக்கு ஸ்பெயினில் வேலை அமைவதால் அவள் குடும்பத்தோடு போக வேண்டியதாகிறது. எப்போதும் அருகிலிருந்து காப்பாற்றுவதையே அன்பு என்று நினைத்திருந்த தகேயோவால், இனி அவளுக்கு அங்கே ஒன்று நேர்ந்தால் ஓடிப்போய் நிற்க முடியாது. அவன் கையிலிருந்த பலமெல்லாம் பயன்படாமல் போகிற இடம் அது. ஆனாலும் கதை அந்தப் பிரிவோடு முடிந்துவிடுவதில்லை. அவர்கள் காத்திருக்கிறார்கள், மறுபடியும் சேர்கிறார்கள். மகள் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டாளே என்று வருந்தாதீர்கள். தெரிந்துகொண்டு வாசித்தாலும் அந்தத் தொகுதி மனத்தை உருக்கும்.

ஸ்பெயின் கதையை விட்டுவிடுவோம். வளைகுடாவுக்குப் போனவர்களுக்காகவும், தூத்தூர்ப் பக்கத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் திரும்பாதவர்களுக்காகவும் காத்திருக்கும் வீடுகள் உள்ள மாவட்டம் இது. தொலைவில் இருப்பவர் மேல் நம்பிக்கை வைப்பதை ஜப்பானியச் சித்திரக்கதை நமக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. உங்கள் கடிதத்தில் என்னைத் தொட்டது கடைசி வரி. மருத்துவமனை வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருந்த சுனாவின் எண்ணமும் ஏறக்குறைய அதுதான். உங்கள் கணவரும் அங்கே உங்களிடம் எதையெல்லாம் சொல்லாமல் வைத்திருக்கிறாரோ!

பெரிய துன்பத்திலிருந்து தொடங்க வேண்டாம். இன்று இரவு அவர் அழைக்கும்போது, சுகம்தானே என்று கேட்டால் சுகம் என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். கிணற்று மோட்டார் ஓடாமல் போனதையோ, மகளுக்கு மூன்று நாள் காய்ச்சல் இருந்ததையோ, பின்வாசல் ஓடு ஒழுகுவதையோ ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அங்கே வெயில் எப்படி, இன்று என்ன சாப்பிட்டீர்கள், முதுகுவலி குறைந்ததா என்று நீங்களும் கேளுங்கள். அவர் உடனே பதில் சொல்லாவிட்டால் அழைப்பைத் துண்டிக்காமல் சற்று நேரம் இருங்கள்.